``கேஸ் போயிடுச்சு!'' என்றால் நம்பலாமா? கடை ஃப்ரீஸர் முதல் ஏ.சி சில்லர் வரை... மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

சித்திரை பிறந்துவிட்டால் பெட்டிக்கடையிலிருந்து பேக்கரி வரை எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஒரே கவலைதான். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் கதவு கூலரும் வாசலில் நிற்கும் ஐஸ்க்ரீம் ஃப்ரீஸரும் இந்த வெயிலைத் தாங்குமா? அவை படுத்துக்கொள்கிற நாள், சொல்லிவைத்தாற்போலக் கூட்டம் அதிகமாக வருகிற ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும்.

அதில் ராசி எதுவும் இல்லை. கூட்டம் வந்தால் கதவை அடிக்கடி திறக்கிறார்கள். பாட்டில் காலியாகக் காலியாக, வெயிலில் இறங்கிய சூடான பாட்டில்களை உள்ளே அடுக்குகிறார்கள். இயந்திரம் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்காமல் ஓடுகிறது. ஏற்கெனவே இருந்த சின்னக் கோளாறு அன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது. உடனே போன் பறக்கும்.

``அண்ணே, ஃப்ரீஸர்ல கூலிங்கே நிக்கல. காலையில இருந்து ஐஸ்க்ரீம் எல்லாம் இளகுது.''

``மெஷின் ஓடுதா தம்பி?''

``ஓடிக்கிட்டேதான் இருக்கு.''

``அப்போ கேஸ் போயிருக்கும். கேஸ் அடிச்சா சரியாயிடும். வர்றேன்.''

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. நாடிகூடப் பார்க்காமல் போனிலேயே மருந்து எழுதியாகிவிட்டது! அந்த மருந்து சரியாகவும் இருக்கலாம். ஆனால், பல நேரம் சரியாக இருப்பதில்லை. கடைக்காரரின் பணம், மெக்கானிக்கின் உயிர், அந்த ஃப்ரீஸரிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற குழந்தையின் வயிறு என மூன்றுமே இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

கேஸ் என்பது பெட்ரோல் அல்ல!

முதலில் அடிப்படை. கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடாக்கி, பின்பக்கமோ அடியிலோ இருக்கும் கண்டன்ஸர் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே அது தன் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு கேபிலரி எனப்படும் மெல்லிய செம்புக் குழாய் வழியாக நுழையும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. அழுத்தம் குறைந்த திரவம், உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் ஐஸ்க்ரீமிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குப் போகிறது. அவ்வளவுதான்.

இதில் கேஸ் எங்கேயும் செலவாவதில்லை. தொழிற்சாலையில் நிரப்பிய அதே கேஸ், ஓட்டை இல்லாத இயந்திரத்தில் பத்துப் பதினைந்து வருடங்கள்கூட சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது, பஞ்சர் ஒட்டாமல் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலத்தான். இன்று ஓடும். அடுத்த மாதம் மீண்டும் போன் பறக்கும்.

கேஜ் மாட்டும் முன் கையை வைத்துப் பார்க்கணும்

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வந்ததும் பையிலிருந்து கேஜை எடுக்கிறாரா, அல்லது கீழே குனிந்து கிரில்லைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். குனிகிறவரை நம்பலாம். கேபிலரி போட்ட சின்ன இயந்திரங்களில் கேஸின் அளவு கிராம் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு முறை கேஜ் மாட்டும்போதும் கொஞ்சம் கேஸ் வெளியேறும். அதனால் கேஜ் என்பது கடைசியாக எடுக்க வேண்டிய கருவி.

கிரில்லைக் கழற்றினால் பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். பேக்கரி என்றால் மைதா மாவு, பரோட்டாக் கடை என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசி, மளிகைக் கடை என்றால் சாக்கு நார். கண்டன்ஸர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, கண்டன்ஸர் அதைவிடச் சூடாக இருந்தால்தான் தன் வெப்பத்தை வெளியே தள்ள முடியும். அதன் மேல் கம்பளியும் போர்த்தினால் அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் கொதிக்கும், ஓவர்லோட் அதை நிறுத்திவிடும். ஒரு பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். அடைத்த காயிலோடு, கேஸையும் கூடுதலாக அடித்துவிட்டால்? அழுத்தம் இன்னும் ஏறும். கம்ப்ரஸர் ஆயுள் அன்றோடு குறையத் தொடங்கும்.

அடுத்தது கண்டன்ஸர் ஃபேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு, சுவருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள இடைவெளி. நம் கடைகளில் அந்த இடைவெளிதான் காலி அட்டைப்பெட்டிகளுக்கான குடோன்!

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு 10 ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் போய்விட்டது. வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

வோல்டேஜையும் மறக்கக் கூடாது. மாலை நேரத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். `டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது ஓவர்லோட் விழுகிற சத்தம். கரன்ட் போய் உடனே வந்தாலும் இதே கதைதான். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றதும் ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம் என்று இருக்கும். அது சமமாகச் சுமார் மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் மின்சாரம் வந்தால் மோட்டாரால் சுழல முடியாது. டைம் டிலே வைத்த ஸ்டெபிலைசர் விற்கப்படுவது இதனால்தான். அதை `தேவையில்லாத செலவு' என்று கழற்றி வைத்திருக்கும் கடைகள் நிறைய.

கம்ப்ரஸரே கிளம்பவில்லை என்றால் மல்டிமீட்டர் வேலை. கம்ப்ரஸரில் காமன், ரன், ஸ்டார்ட் என மூன்று பின்கள் இருக்கும். மூன்று ஜோடிகளுக்கும் ஓம்ஸ் எடுத்தால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே வருவதுதான் அதிகம். மற்ற இரண்டையும் கூட்டினால் அந்த அதிக எண் வர வேண்டும். வந்தால் சுருள் நன்றாக இருக்கிறது, ரிலே அல்லது கெபாசிட்டரைப் பாருங்கள் என்று அர்த்தம். பாடியில் மீட்டர் காட்டினால் கம்ப்ரஸர் போய்விட்டது. ஒரு சின்ன ரிலேயால் வந்த கோளாறுக்குக் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்வதும் நடக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்த வாடிக்கையாளரிடம் அது நடக்காது!

பனி சொல்லும் கதை

இந்தத் தொழிலில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இது. கூலிங் காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

காயிலின் ஆரம்பத்தில் மட்டும் பனி, மீதி வெறும் குழாய் என்றால், உள்ளே வரும் திரவம் போதவில்லை. கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது கேபிலரியோ டிரையரோ அடைத்திருக்கலாம். காயில் முழுக்க ஐஸ் பாறையாக மூடியிருந்தால் பெரும்பாலும் கேஸுக்குச் சம்பந்தமே இல்லை. டீஃப்ராஸ்ட் ஹீட்டர், டைமர், உள் ஃபேன், கதவு ரப்பர் இவற்றில் ஒன்று. கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் குழாய் வரைக்கும் பனி பிடித்திருந்தால், கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது அல்லது உள் ஃபேன் சுற்றவில்லை. ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. திரவத்தை அழுத்த முடியாது. வால்வு உடையும்.

இன்னொரு வேடிக்கையான நோய் உண்டு. காலையில் நன்றாகக் குளிர்கிறது. மதியம் திடீரென்று நின்றுவிடுகிறது. அணைத்து வைத்துவிட்டு மாலையில் போட்டால் மீண்டும் குளிர்கிறது! கடைக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார். காரணம், குழாய்க்குள் நுழைந்த ஈரப்பதம். கேபிலரி முடிகிற இடத்தில் அந்தத் துளி ஈரம் ஐஸாக உறைந்து வழியை அடைக்கிறது. நிறுத்தினால் உருகி வழிவிடுகிறது. மெக்கானிக்குகள் `மாய்ஸ்சர் சோக்' என்பார்கள். இதற்கு எவ்வளவு கேஸ் அடித்தாலும் தீராது. உள்ளே ஈரம் எப்படி வந்தது? முன்பு கேஸ் அடித்தவர் வாக்யூம் போடவில்லை!

ஒரு மணி நேரத்தில் முடியாத வேலை

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, உண்மையிலேயே கேஸ்தான் குறைந்திருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஓட்டையைத் தேட வேண்டும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால், ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி, வற்றவைப்பு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரித்துவிடுவதால் ஓட்டை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கண்டுபிடித்து, பற்றவைத்து, மீண்டும் நைட்ரஜனில் நிறுத்திப் பார்த்து, ஃபில்டர் டிரையரை மாற்றி, வாக்யூம் பம்ப் போட்டு, பிறகு தராசில் எடை போட்டு, இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குக் கேஸ் ஏற்ற வேண்டும்.

இதில் வாக்யூம் ஏன் முக்கியம்? அழுத்தம் குறையக் குறைய தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். போதிய வெற்றிடத்தில், சாதாரண அறை வெப்பத்திலேயே குழாய்க்குள் இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். நல்ல பம்ப்பும் 500 மைக்ரான் வரை அளந்து காட்டும் மீட்டரும் வேண்டும். ஊர்ப்பக்கம் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரையே பம்ப்பாக வைத்து `இழுப்பது' வழக்கம். காற்று போகும், ஈரம் போகாது. ஆர்-134ஏ, ஆர்-404ஏ கேஸ்களோடு பயன்படுத்தும் பாலியோல் எஸ்டர் ஆயில் ஈரத்தை ஸ்பாஞ்ச் போலக் குடிக்கக்கூடியது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அமிலம். அமிலம் கம்ப்ரஸர் சுருளைத் தின்னும். கம்ப்ரஸர் எரிந்த பிறகு குழாய்களைச் சுத்தம் செய்யாமல் புதுசு மாட்டினால், புதுசும் அதே வழியில் போகும்.

இதையெல்லாம் முறையாகச் செய்தால் அரை நாள் போய்விடும். இங்கேதான் சிக்கல். `ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடு' என்று நிற்கிறார் கடைக்காரர். ஒரு நாளில் ஐந்தாறு இடத்துக்குப் போனால்தான் மெக்கானிக்குக்குக் கட்டுப்படி. டிரையருக்கும் நைட்ரஜனுக்கும் தனியாகக் காசு கேட்டால், `பக்கத்து ஏரியாக்காரர் கேஸ் மட்டும் அடிச்சுக் குறைச்சலா செய்றாரே' என்று பேரம். குறுக்குவழி மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். அவர்களை உருவாக்குவதில் நம் பேரத்துக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதே என் கருத்து.

ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம்!

குறுக்குவழிகளில் ஒன்று ஆளையே கொல்லும். பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர்தான் கையில் இருக்கிறதே, அதையே ஏற்றி ஓட்டை பார்த்துவிடலாம் என்று நினைப்பது. கம்ப்ரஸருக்குள் ஆயில் இருக்கிறது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், வெடித்துவிடும். அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டரோடுதான். உங்கள் கடையில் யாராவது ஆக்சிஜன் குழாயை ஃப்ரீஸரில் இணைப்பதைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

போலி கேஸும் சின்ன விஷயமல்ல. 2011-ல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட கப்பல் குளிர்பெட்டிகள் சில வெவ்வேறு துறைமுகங்களில் வெடித்து, அவற்றில் வேலை செய்தவர்கள் உயிரிழந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றப்பட்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறிவிடும். விலை பாதியாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத சிலிண்டரை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பச்சை கேஸ், சிவப்பு எச்சரிக்கை

சமீபத்தில் வாங்கிய கூலரின் பின்பக்கத்தைப் பாருங்கள். தீ ஜுவாலை படம் போட்ட மஞ்சள் முக்கோண ஸ்டிக்கர் இருந்தால், அதற்குள் எரியும் கேஸ் இருக்கிறது. பெரும்பாலும் ஆர்-290. அதாவது, புரோப்பேன்.

ஏன் எரியும் கேஸுக்கு மாறினார்கள்? பழைய ஆர்-12, ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது ஒழிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆர்-22-க்கும் வளரும் நாடுகளில் 2030 வரைதான் காலம். அதன்பின் பழைய இயந்திரங்களின் சர்வீஸுக்கு மட்டும் மிகச் சிறிய அளவு அனுமதி. ஓசோனைக் கெடுக்காத ஆர்-134ஏ, ஆர்-404ஏ வந்தன. ஆனால், அவை பூமியைச் சூடாக்குவதில் கில்லாடிகள். ஒரு கிலோ ஆர்-404ஏ வெளியேறினால், ஏறக்குறைய 3,900 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம்! 2016-ல் கிகாலியில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032-ல் தொடங்கி 2047-க்குள் இந்த வகை கேஸ்களை 85 சதவிகிதம் குறைக்க வேண்டும். ஆர்-290-ன் வெப்பமாக்கும் திறனோ ஒற்றை இலக்கம்தான். குளிர்விப்பதிலும் கெட்டிக்காரன். எரியும் என்பது ஒன்றுதான் குறை.

கடை கூலர்களில் இது பெரும்பாலும் 150 கிராமுக்குள்தான் இருக்கும். வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 38 கிராம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு படியும். சமையல் கேஸில் வாசனைக்காக ஒரு பொருள் சேர்ப்பார்கள். இதில் அது இல்லை. மூக்கு எச்சரிக்காது.

பழக்கதோஷத்தில் பழைய குழாயைப் பற்றவைப்பு நெருப்பால் பிரிப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. உள்ளே மிச்சமிருக்கும் புரோப்பேன் முகத்தில் பற்றும். ஜன்னல் கதவுகளைத் திறந்து, கேஸைப் பாதுகாப்பாக வெளியேற்றி, நைட்ரஜனால் உள்ளே கழுவி, குழாயைக் கட்டரால்தான் வெட்ட வேண்டும். பக்கத்தில் பஜ்ஜி அடுப்பு எரிந்துகொண்டிருக்கக் கூடாது. ரிலே, ஓவர்லோட், ஃபேன் மோட்டார் எது மாற்றினாலும் அதே தரத்தில், தீப்பொறி வெளியே வராத வகையில் உள்ளதையே போட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு தந்திரமும் புழங்குகிறது. ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-290-ஐ ஏற்றிவிடுவது. 0 டிகிரியில் ஆர்-22-ன் அழுத்தம் சுமார் 58 பி.எஸ்.ஐ, ஆர்-290-க்கு 54. கேஜில் பெரிய வித்தியாசம் தெரியாது, குளிரும் நன்றாக வரும். ஆனால், அந்த இயந்திரத்தின் சுவிட்சுகள் எரியும் கேஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடுத்து வரும் மெக்கானிக்குக்கும் உள்ளே புரோப்பேன் இருப்பது தெரியாது. அவர் நெருப்பைப் பற்றவைப்பார். வீட்டு கேஸ் சிலிண்டரிலிருந்தே ஏற்றுவதோ இன்னும் மோசம். அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, ஈரமும் கழிவும் உள்ளது.

ஐஸிலிருந்து பிறந்த `டன்'

இதுவரை பார்த்தது கடைக்குள் அடங்கும் இயந்திரம். மருத்துவமனை, மால், ஐ.டி அலுவலகங்களின் மொட்டைமாடியிலும் தரைத்தளத்திலும் உறுமிக்கொண்டிருப்பது இதன் பெரியண்ணன், சில்லர். அது காற்றைக் குளிர்விக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும். பொதுவாக 12 டிகிரியில் திரும்பிவரும் தண்ணீரை 7 டிகிரியாக்கிக் கட்டடம் முழுக்க அனுப்பும்.

இதன் திறனை `டன்' என்கிறோமே, அது எடை அல்ல. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ, அவ்வளவு. சுமார் 3.5 கிலோவாட். ஐஸை வெட்டி விற்ற காலத்து அளவு இது. நம் மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, கப்பலில் கொண்டுவந்த ஐஸை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். இன்று 100 டன் சில்லர் ஒன்று, நாளொன்றுக்கு 90,000 கிலோ ஐஸ் செய்யும் வேலையைச் சத்தமில்லாமல்... இல்லை, நிறைய சத்தத்தோடு செய்கிறது.

தண்ணீரால் குளிரும் சில்லர்களுக்கு நம் ஊரில் முதல் எதிரி அந்தத் தண்ணீரேதான். போர்வெல், டேங்கர் லாரி என்று வரும் உப்புத் தண்ணீர் கூலிங் டவரில் ஆவியாக ஆவியாக, உப்பு மட்டும் தங்கிக் கெட்டியாகும். கண்டன்ஸர் குழாய்களுக்குள் பாறை போலப் படியும். கண்டுபிடிக்க எளிய வழி, கேஸ் திரவமாகிற வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. சுத்தமான இயந்திரத்தில் ஓரிரு டிகிரிதான் இருக்கும். அது மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் குழாய்க்குள் பிரஷ் விட வேண்டிய நேரம். ஆபரேட்டர்கள் மணிக்கொரு முறை எழுதும் லாக் ஷீட் இதற்காகத்தான். எழுதுவதோடு சரி, யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்றால் அந்தத் தாளால் பயனில்லை.

டவர் தண்ணீரைச் சுத்தமாக வைக்க இன்னொரு காரணம் உண்டு. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்கள் கொத்தாக நிமோனியாவில் விழுந்தார்கள். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். குளிரூட்டும் அமைப்பின் தண்ணீர் வழியே அது பரவியதாகக் கருதப்படுகிறது. மருத்துவமனைச் சில்லர் என்றால் இதை எவ்வளவு கவனிக்க வேண்டும்!

சில்லர் சர்வீஸில் பெரும்பாவம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்த ஃப்ளோ சுவிட்ச் வைத்திருப்பார்கள். அது அடிக்கடி நிறுத்துகிறது, ஏழாவது மாடியில் புழுங்குகிறது என்று போன் வருகிறது. அவசரத்துக்கு ஒரு வயரைப் போட்டு அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். அப்புறம் மறந்தும் விடுவார்கள். அடைத்த ஸ்ட்ரெய்னர் அப்படியே இருக்கும். ஒரு நாள் ஓட்டம் முழுதாக நிற்கும். குழாய்க்குள் தண்ணீர் உறையும், குழாய் வெடிக்கும், தண்ணீர் கேஸ் பக்கம் புகும். அதற்குப் பிறகு அது ரிப்பேர் அல்ல, கிட்டத்தட்டப் புது இயந்திரம் வாங்கும் செலவு.

பில்லில் இதைப் பாருங்கள்

மீண்டும் கடைக்கு வருவோம். இந்தத் தொழிலுக்கு ஐ.டி.ஐ-யில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. 2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. ஆனாலும், பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கண்பார்த்துக் கற்றவர்கள் ஏராளம். அவர்களிலும் அற்புதமான கைகள் உண்டு. எனவே, சான்றிதழைக் கேட்பதோடு பில்லையும் கேளுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எங்கே இருந்தது, டிரையர் மாற்றினாரா... இந்த நான்கும் பில்லில் இருந்தால் அடுத்த முறை வருகிறவருக்கும் உதவும். `கேஸ் சார்ஜ்' என்று ஒற்றை வரி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கண்டன்ஸரை நீங்களே பிரஷ்ஷால் தட்டலாம். ஃப்ரீஸருக்குள் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள். ஃப்ரீஸர் மைனஸ் 18, பால், தயிர், ஜூஸ் வைக்கும் கூலர் 5 டிகிரிக்குள். காலையும் மாலையும் ஒரு நோட்டில் குறித்தால், இளகுவதற்கு நாலு நாள் முன்பே இயந்திரம் சோர்வது தெரிந்துவிடும்.

அப்படியும் ஒரு நாள் நின்றே போனால்? கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீஸர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கூலருக்கு 4 மணி நேரம்தான். மீன், சிக்கன் பாக்கெட்டுகளில் ஐஸ் துகள்கள் இன்னும் இருந்தால், அல்லது 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். உருகி ஓடிய ஐஸ்க்ரீமை மட்டும் திரும்ப உறைய வைத்து விற்காதீர்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கப்புக்குள் ஐஸ்க்ரீம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருந்தால், மேலே மணல் போல ஐஸ் படிகங்கள் இருந்தால், அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. குழந்தை அடம்பிடித்தாலும் வேறு கப் கேளுங்கள்.